வட்டுக்கோட்டையின் முன்னாள் மாணவர்

கல்வி நிலையங்கள் வெள்ளிவிழாவும் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடும்போது மலர் ஒன்று வெளியிடுவது நம்மிடையே நிலைத்துவிட்ட வழக்கம். அம்மலர்களில் ஆயரின் ஆசியுரையையும் அதிபரின் அறிக்கையையும் நன்கொடையாளர் பட்டியலையும் நாம் விரைந்து புரட்டிவிடுகிறோம். கண்கள் நின்று தேடும் பக்கம் ஒன்று உண்டு. 'எம் முன்னாள் மாணவர்' என்னும் பக்கமே அது. ஆட்சிப் பணியில் இன்னார், மருத்துவத்தில் இன்னார், நீதிமன்றத்தில் இன்னார், கடல் கடந்த நாட்டில் இன்னார் எனப் பெயர்களும் பதவிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம் ஊரார் பெயரோ உறவினர் பெயரோ தென்பட்டால் உள்ளம் பூரிக்கின்றது. இப்பூரிப்பில் தவறு ஏதும் இல்லை. ஆயினும், ஒரு கல்விக்கூடம் தன் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும்போது எதை எண்ணுகிறது, எதை எண்ணாது விடுகிறது என்னும் வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை.

இவ்வினாவை நம்முன் வைக்கும் வரலாறு ஒன்று தமிழ் மண்ணிலேயே உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை புகழோடு விளங்கிய ஓர் உயர்கல்விக்கூடம், தன் முன்னாள் மாணவர் பெற்ற பதவிகளின் கணக்கையே தனக்கு எதிரான சான்றாகக் கண்டது. அக்கணக்கின் பேரில் மூடப்பட்டது. ஆனால் அது மூடப்பட்ட மூன்றாண்டுகளுக்குள் அதன் மாணவர் இருவரைப் பற்றி வந்த செய்தி தமிழுலகம் முழுவதும் பேசப்பட்டது. இந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

சாத்திரசாலை

அமெரிக்க நாட்டுப் புரொட்டஸ்டண்ட் மறைபரப்பாளர் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அவர்களுள் டானியேல் பூவர் என்பார் கல்வியில் பேரார்வம் கொண்டவர். தெல்லிப்பழையில் பள்ளி தொடங்கிய அவர், தமிழ் இளைஞருக்கு ஒரு கல்லூரியே அமையவேண்டும் எனக் கருதினார். கல்லூரி என்னும் நிலைக்கு அன்றைய ஆங்கில அரசு இசைவு தரவில்லை. எனவே 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய அந்நிலையம் 'செமினரி' என்றே பெயர் பெற்றது. கத்தோலிக்கராகிய நமக்கு அச்சொல் குருமடத்தை நினைவூட்டும். ஆனால் இது குருக்களை மட்டும் உருவாக்கும் இல்லம் அன்று. கணிதமும் வானியலும் இயற்கை அறிவியலும் தருக்கமும் ஆங்கிலமும் தமிழும் விவிலியமும் ஒருங்கே கற்பித்த உயர்கல்விக்கூடம். ஊரார் அதனைச் 'சாத்திரசாலை' என்று அழைத்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கத் திருக்கோயில் நின்று, பின் ஒல்லாந்தர் கைக்கு மாறிய வளாகத்தில்தான் அது எழுந்தது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

செமினரியில் சேர்ந்த சிறுவர்க்குத் தொடக்கத்தில் உணவும் உறைவிடமும் இலவசம். அச்செலவை அமெரிக்காவில் வாழ்ந்த பற்றாளர் சிலர் ஏற்றனர். ஏற்றவர் தாம் விரும்பிய பெயரைச் சிறுவனுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்டு ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்சு ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். கடலுக்கு அப்பால் இருந்த முகமறியாத ஒருவரின் பெயரைத் தாங்கி வாழ்ந்த அம்மாணவர், பின்னாளில் தம் தமிழ்ப் பெயராலேயே நிலைபெற்றனர் என்பதை நாம் காணப்போகிறோம்.

கல்வியின் தரம் உயர்ந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கை அரசின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ற் செமினரியை நேரில் கண்டவர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது இந்நிலையம் என்னும் கருத்தை அவர் தம் நூலில் பதிந்துள்ளார். பூவருக்குப் பின் தலைமை ஏற்ற ஒய்சிங்கடன், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளியிடும் அளவுக்குத் தமிழ் கற்றவர். ஆசிரியர் தமிழிலும் மாணவர் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்ற ஓர் இடமாக வட்டுக்கோட்டை விளங்கியது.

பதவிகள் அழைத்தன

யாழ்ப்பாணம் ஆறில்லாத நிலம். கிணற்று நீரும் பனையும் புகையிலையும் அங்குள்ள குடும்பங்களின் வாழ்வாதாரம். நிலமோ சிறிது, பங்கிடப்படும்தோறும் இன்னும் சிறிதாகும். இத்தகைய மண்ணில் ஆங்கிலக் கல்வி ஒரு புதிய காணி போல வந்து வாய்த்தது. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமறன் சீர்திருத்தங்கள் அரசுப் பணியின் கதவுகளை நாட்டு மக்களுக்கும் திறந்தன; ஆங்கிலம் அறிந்தவர்க்கு அங்கே இடம் கிடைத்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய அக்காலத்தில் எழுத்தரும் கணக்கரும் நில அளவையாளரும் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டனர். சென்னை மாகாணத்திலும் இத்தேவை இருந்தது. செமினரி மாணவரைத் தேடி வேலைகள் வந்தன. படிப்பை முடிக்காமலே சிலர் புறப்பட்டுவிட்டனர் என்பது ஆசிரியரின் மனக்குறையாக இருந்தது.

பெற்றோரின் எண்ணத்தை நாம் எளிதில் உணரலாம். பிள்ளை கற்றான், வேலை பெற்றான், தங்கைக்குச் சீதனம் சேர்த்தான், வீட்டுக்கு ஓடு வேய்ந்தான் என்பது எந்தத் தந்தைக்கும் நிறைவளிக்கும் செய்தியே. பிற்காலத்தில் செமினரி கட்டணம் வாங்கத் தொடங்கியபோதும் வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கவில்லை. ஆனால், பாஸ்டன் நகரிலிருந்து பணம் அனுப்பியவர்க்கு இச்செய்தி நிறைவளிக்கவில்லை. மறைப்பணியாளரை உருவாக்கவே அவர்கள் கொடுத்தனர். உருவானவரோ அரசு அலுவலர்.

1855ஆம் ஆண்டின் கணக்கு

அமெரிக்க மிஷன் சங்கத்தின் அயல்நாட்டுச் செயலராக இருந்த ரூபஸ் ஆண்டர்சன், மற்றொருவருடன் தூதுக்குழுவாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1855இல் அக்குழு யாழ்ப்பாணத்தில் அமர்ந்து செமினரியின் நிலையை ஆய்ந்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டின் தொடக்கத்தில், செமினரியின் முதல் அதிபரான டானியேல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதி நோயால் இறந்துவிட்டார்.

குழுவின் முன் முன்னாள் மாணவர் கணக்கு வைக்கப்பட்டது. 32 ஆண்டுகளில் 600க்கு மேற்பட்டோர் அங்கே பயின்றிருந்தனர். உயிரோடு இருந்தவருள் 100க்கு மேற்பட்டோர் பல்வேறு மிஷன்களில் பணியாற்றினர். 150க்கு மேற்பட்டோர் இலங்கையிலும் இந்தியாவிலும் அரசுப் பணியில் இருந்தனர். வேறொரு நிறுவனம் இக்கணக்கைப் பொன் எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆண்டர்சனோ அதனைத் தோல்வியின் சான்றாகக் கொண்டார். ஆங்கிலக் கல்வி மாணவரைத் தம் ஊரினின்றும் மக்களினின்றும் பிரிக்கிறது. சிற்றூர்ச் சபைகளுக்கு வேண்டியவர் தாய்மொழியில் கற்றுத் தம் மக்களோடு வாழும் போதகரே. அயலார் பணத்தை நம்பாமல் தன்னைத் தானே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வல்ல சபையே உண்மையான சபை என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் பேரில் செமினரி மூடப்பட்டது.

இன்று இம்முடிவைப் படிப்போர் ஆண்டர்சனைக் குறுகிய நோக்கினர் என எளிதில் ஒதுக்கிவிடுவர். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. மக்கள் மொழியில் திருச்சபை வேரூன்ற வேண்டும், உள்ளூர் மக்களே அதனை நடத்த வேண்டும் என்று அவர் அன்று சொன்னதன் பொருளை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வாழும் நாம் நன்கு அறிவோம். கற்றவர் யாருக்காகக் கற்றனர் என்னும் அவருடைய வினா நேரியது. பிழை, வினாவில் அன்று, விடையை அளந்த கோலில் இருந்தது. மறைப்பணி என்று ஒரு பத்தி, அரசுப் பணி என்று ஒரு பத்தி. இரண்டே பத்திகளில் 32 ஆண்டு உழைப்பை அவர் அளந்துவிட்டார். கனி காய்க்கும் காலம் வருமுன்னரே மரத்தைக் கணக்கிட்டுவிட்டார்.

கணக்கு முடிந்த பின்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறி, 1858இல் அதன் முதற் பட்டதாரிகள் என்னும் பெருமை பெற்றவர் இருவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் பிள்ளைகள். மூத்தவரான விசுவநாதபிள்ளை அங்கேயே கணிதம் கற்பித்தவர். 'பீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் தந்தவர். மூடப்பட்ட கல்விக்கூடம், புதிதாகப் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு முதற் பட்டதாரிகளை வழங்கியது என்பதே அன்றைய செய்தி.

ஆயினும் நாம் கருத விழைவது பட்டத்தை அன்று. பட்டத்துக்குப் பின் நிகழ்ந்ததை. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியராகச் சென்னையில் பணி தொடங்கினார். அரசின் வரவுசெலவுக் கணக்கு அலுவலகத்தில் உயர்ந்தார். 1871இல் சட்டப் பட்டம் பெற்றார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். 1895இல் 'இராவ்பகதூர்' விருது பெற்றார். ஒரு மலரின் முன்னாள் மாணவர் பக்கத்துக்கு இவை போதும். ஆண்டர்சனின் கணக்கிலும் இவர் 'அரசுப் பணி' என்னும் பத்தியிலேயே அடங்கியிருப்பார்.

ஆனால் அப்பத்திக்குள் அடங்காத பணி ஒன்றை அவர் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் செய்துவந்தார். பழந்தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளில் கிடந்தன. கட்டை அவிழ்க்கும்போதே சில ஏடுகள் ஒடிந்தன. செல்லரித்த இடங்களில் எழுத்துகள் மறைந்திருந்தன. அழிவு விரைகிறது என்பதைத் தம் பதிப்புரைகளில் மனம் நொந்து எழுதிய அவர், கைப்பொருளைச் செலவிட்டுச் சுவடிகளைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சேற்றினார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் ஆறுமுக நாவலர் பார்வையிட 1868இல் வெளியிட்டார். 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும், 1889இல் சூளாமணியும் அவரால் அச்சு வடிவம் பெற்றன. சங்கத் தொகைநூல்களுள் ஒன்றாகிய கலித்தொகை அச்சில் முழுமையாக வந்தது அவருடைய உழைப்பினால்தான். 1901 ஜனவரி 1ஆம் நாள் அவர் மறைந்தபோது, தமிழர் தம் பழமையை நூலாகக் கையில் ஏந்திப் படிக்கும் நிலை உருவாகியிருந்தது. கணிதமும் ஒப்பாய்வும் தருக்கமும் வட்டுக்கோட்டையில் பயின்ற ஒழுங்கு, பாடவேறுபாடுகளைச் சீர்தூக்கும் பதிப்பாசிரியரின் ஒழுங்காகக் கனிந்தது எனக் கொள்வது மிகையாகாது.

சமய வாழ்வில் தாமோதரம்பிள்ளை சைவராகவே நிலைத்தார். ஏழாலையில் சைவப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். செமினரி ஏட்டில் அவருக்கு வழங்கிய பெயர் கிங்ஸ்பரி. அவர் கைவிட்ட அப்பெயரை அவருடைய மகன் அழகசுந்தரம் பின்னாளில் ஏற்றார். கிறிஸ்தவ மறையைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் போதகரானார். அந்தப் போதகர்தாம், பிலிப்ஸ் என்பாருடன் சேர்ந்து, சைவ அடியார்களின் பாடல்களுள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். தந்தை, மகன் இருவரின் வாழ்வையும் எந்தப் பத்தியில் எழுதுவது? வெற்றி என்றா, இழப்பு என்றா? இறைவன் நடத்தும் வழிகளை நம் ஏடுகளின் கோடுகள் கட்டிவைப்பதில்லை என்று மட்டும் இங்கே அடக்கத்தோடு சொல்லலாம்.

தாமோதரம்பிள்ளை தனி ஒருவர் அல்லர். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரி மாணவரே. ஈழத்து இதழியல் வரலாறு அவ்விதழிலிருந்தே பேசப்படுகிறது. அதன் ஆசிரியராகப் பின்னர் அமர்ந்த ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை 1886இல் வெளியிட்டார். 400க்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாறு அதில் உள்ளது. தம் பெயர் ஏதோ ஓர் ஏட்டில் இடம்பெற வேண்டும் என்று கருதாத அவர், மறந்துபோகவிருந்த புலவர்களுக்கு ஏடு ஒன்றை எழுதி வைத்தார். நெவின்சு சிதம்பரப்பிள்ளை 'நியாய இலக்கணம்' என்னும் தருக்க நூலைத் தமிழில் ஆக்கினார். 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கும் செமினரியின் கல்வி மரபில் வந்தோர் துணைநின்றனர். 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியபோது மறைபரப்பாளரோடு யாழ்ப்பாணத்து உதவியாளரும் கடல் கடந்து சென்றனர்.

ஏட்டில் இடம்பெறாதோர்

இவ்வளவும் கூறியபின், நாம் புகழும் இப்பட்டியலும் நிறைவானது அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செமினரி ஏட்டில் ஆண்களின் பெயர்களே உள்ளன. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கென விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. செமினரி மாணவர் பலர் அங்கே பயின்ற பெண்களை மணந்தனர். கணவர் அலுவலகத்திலும் அச்சுக்கூடத்திலும் உழைத்த காலத்தில், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, அயல்வீட்டுப் பெண்களுக்கும் படிப்பின் சுவையைக் காட்டிய அவ்வீட்டுப் பெண்களின் பணி எந்தப் பத்தியிலும் இல்லை.

செமினரியில் பயின்றோர் பெரும்பாலும் நிலவுடைமையுள்ள வேளாளர் குடும்பத்தவர். கட்டணம் வந்தபின் ஏழையர்க்கு வாயில் மேலும் குறுகியது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவ்வாயிலை ஏறக்குறைய மிதிக்கவே இல்லை. ஆகவே அந்த ஏட்டைப் படிக்கும்போது, உயர்ந்தவரின் பெயர்களோடு, உள்ளே வரவே இயலாதவரின் வெற்றிடத்தையும் படிக்கவேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்னும் புதிய பிரிவு அங்கே தோன்றியதை ஆண்டர்சன் கண்டார். சாதியால் அடைபட்டிருந்த பழைய வாயிலைத் திறக்க அவர் கணக்கிலும் வழி இல்லை.

பிள்ளைகள் திரும்பி வந்தனர்

செமினரி மூடப்பட்டதோடு இவ்வரலாறு முடியவில்லை. அங்குப் பயின்ற பிறெக்கின்றிட்சு என்பார் 1856இலேயே வட்டுக்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்தினார். உயர்கல்வி வேண்டும் என்னும் வேட்கை மக்களிடம் தணியவில்லை. 1850இல் கத்தோலிக்கர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியும் வளர்ந்து, பின்னாளில் புனித பத்திரிசியார் கல்லூரி ஆயிற்று. முன்னாள் மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெரியோரும் விடாது வேண்டினர், பொருளும் திரட்டினர். அதன் பயனாக 1872இல், செமினரி நின்ற அதே வட்டுக்கோட்டையில், ஏஸ்டிங்ஸ் என்பாரை முதல் அதிபராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை அங்கே தமிழ் கற்பித்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அயலார் கொடையை நம்பாது உள்ளூர் மக்களே தம் நிறுவனத்தைத் தாங்க வேண்டும் என்பதே ஆண்டர்சனின் கனவு. அக்கனவைத் தொடங்கி வைத்தவர், எவர் ஊரைவிட்டுப் போய்விட்டனர் என்று அவர் வருந்தினாரோ அவர்களே. அரசுப் பணியில் ஈட்டிய செல்வாக்கும் பொருளும் கல்விக்காக ஊர் திரும்பின.

நம் ஏடுகள்

பங்குகளிலும் பள்ளிகளிலும் உழைக்கும் நாமும் மலர்கள் வெளியிடுகிறோம், பட்டியல்கள் தயாரிக்கிறோம். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி முதல், ஓலைக் கூரையின் கீழ் இன்றும் நினைக்கப்படும் சிற்றூர்ப் பள்ளிகள் வரை, நம் கல்விக்கூடங்கள் எத்தனையோ தலைமுறைகளை உலகுக்கு அனுப்பியுள்ளன. அவர்களின் உயர்வைக் கண்டு நாம் மகிழ்வது இயல்பு. ஆண்டர்சனைப் போல அப்பதவிகளைத் தோல்வியாகக் கருதவும் வேண்டாம். பதவியோடு கணக்கை முடித்துவிடவும் வேண்டாம்.

வட்டுக்கோட்டை வரலாறு நமக்குத் தரும் அறிவுரை எளியது. முன்னாள் மாணவர் பக்கத்தில் இன்னும் ஒரு பத்திக்கு இடம் விடுவோம். கற்றவர் தம் கல்வியால் யாருக்குப் பயன்பட்டார் என்பதே அப்பத்தி. ஊரிலேயே தங்கி முப்பது ஆண்டுகள் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை, கூட்டுறவுச் சங்கக் கணக்கைக் காசு குறையாமல் காத்த எழுத்தர், இரவு எந்நேரமும் கதவைத் திறந்த செவிலியர், படிப்பைப் பாதியில் விட்டும் தம் தம்பியரைப் படிக்கவைத்த உழவர் ஆகியோரின் பெயர்கள் அங்கே வரட்டும். உயர்பதவி வகிப்பவரின் பெயரும் வரட்டும். அவர் ஊருக்கு என்ன செய்தார் என்பதும் உடன் வரட்டும். பள்ளியின் வாயிலில் நுழைய முடியாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் ஒரு வரியில் எழுதும் துணிவு நமக்கு வரட்டும்.

அடுத்த விழா மலரைத் தொகுக்க அமரும் குழுவினர் இதனைத் தொடங்கலாம். ஊரில் வாழும் முதியோரிடம் சென்று, தம்மோடு படித்தவருள் தமக்கு உதவியவர் யார் என்று கேட்டாலே போதும். அவர்கள் சொல்லும் பெயர்களில் பல, பள்ளி அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கும். ஆனால் இதுவரை எந்த மலரிலும் அச்சேறியிருக்கமாட்டா.